மான் வரும் தோப்பை விற்பவர் சொல்ல வேண்டியது

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள நம் ஊர்களில் தோட்ட வீடுகளும் தோப்புகளும் அடிக்கடி கைமாறுகின்றன. விற்பனை பற்றி நம்மிடம் மஸ்அலா கேட்டு வருவோர் பலவற்றைக் கேட்கிறார்கள். வாரிசுப் பங்கை எப்படிப் பிரிப்பது, முறிந்த பேச்சுக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, வட்டிக் கடன் எடுத்து வாங்குபவருக்கு விற்கலாமா என்பவை வழக்கமான கேள்விகள். இரவில் தோப்புக்குள் வரும் மிளாவையும் பன்றியையும் யானையையும் பற்றி வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்பவர் மிகக் குறைவு. அப்படிக் கேட்பவரும், சொல்லாமல் இருக்க ஏதேனும் வழி உண்டா என்ற தொனியிலேயே கேட்கிறார். நம் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறோம். சொல்ல வேண்டும். விலை பேசி முடிப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். எந்த விலங்கு, எந்தக் காலத்தில், எந்த வழியாக வருகிறது என்று சொல்ல வேண்டும். இதை மறைத்துப் பெறும் கூடுதல் விலை நம் வீட்டுக்குள் வரக் கூடாத பணம்.

நாம் எந்த நிலப்பகுதியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. தென்காசி மாவட்டத்தின் வடகரை, மேக்கரை, கடையநல்லூர், சொக்கம்பட்டி, புளியங்குடி என்று மலையை ஒட்டியே நீளும் ஊர்களை வாசகர்களில் பலர் அறிவார்கள். தென்னையும் மாவும் எலுமிச்சையும் நெல்லும் விளையும் மண். தோப்பின் மேற்கு எல்லையிலிருந்து பார்த்தால் காடு தெரியும். சில இடங்களில் காட்டுக்கும் தோப்புக்கும் நடுவே ஓர் ஓடையும் வண்டிப்பாதையும் மட்டுமே உண்டு. யானை வந்தால் தென்னையைச் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். காட்டுப்பன்றி இளங்கன்றுகளைத் தோண்டிப் போடும். நிலக்கடலையும் மரவள்ளியும் அதற்கு விருந்து. புள்ளிமானும் மிளாவும் இளந்தளிரை மேயும். ஆண் மான் கொம்பை உரசி மரக்கன்றின் பட்டையை உரித்துவிடும். வாங்கியவர் நட்ட மாங்கன்று ஏன் பட்டுப்போனது என்று அவருக்கே புரியாது. கடையம், சிவசைலம் பக்கம் போனால் கரடியையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மலையடிவாரத்தில் மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்றும் எண்ண வேண்டாம். திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டானில் 288 ஹெக்டேர் பரப்பில் புள்ளிமான்களுக்கென்று 2013-இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் மானாவாரி நிலமும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் உள்ள சமவெளி அது. மானுக்குச் சரணாலயத்தின் எல்லைக்கல் தெரியாது. தண்ணீரும் பச்சையும் எங்கே இருக்கின்றனவோ அங்கே போகும்.

நம் குடும்பங்களில் இந்த நிலை முற்றியதற்கு ஒரு காரணம் உண்டு. தோட்டத்தை உண்டாக்கிய பெரியவர் மறைந்துவிடுகிறார். பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆள் நடமாட்டமும் விளக்கும் நாயும் இருந்தவரை ஒதுங்கி நின்ற விலங்குகள், வேலி சரிந்த முதல் ஆண்டிலேயே வழி கண்டுபிடித்துவிடுகின்றன. உதிர்ந்த மாங்காயும் பலாவும் எடுக்க ஆளின்றிக் கிடந்தால் அது அவற்றுக்கு அழைப்பு. நான்கைந்து ஆண்டுகளில் தோப்பின் குறுக்கே தேய்ந்த ஒற்றையடித் தடம் உருவாகிவிடும். அது மனிதர் நடந்த தடம் இல்லை என்பது ஊராருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வருபவருக்குத் தெரியாது.

இங்கேதான் தரகரின் கைவண்ணம் தொடங்குகிறது. வாங்குபவரைக் காலை பத்து மணிக்கு மேல்தான் அழைத்து வருவார். முந்தைய நாளே யானை லத்தியும் மான் புழுக்கையும் கூட்டி அள்ளப்பட்டிருக்கும். பன்றி புரண்ட சேற்றுக்குழியில் மண் நிரப்பப்பட்டிருக்கும். சாய்ந்த தென்னையின் அடிக்கட்டை பெயர்க்கப்பட்டு, கேட்டால் ‘புயலில் விழுந்தது’ என்று பதில் தயாராக இருக்கும். இவை எல்லாம் ‘வீட்டைச் சுத்தம் செய்து காட்டுவது’ என்ற பெயரில் நடக்கின்றன. வீட்டைப் பெருக்குவது வேறு. தடயத்தை அழிப்பது வேறு. மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மக்தபில் படிக்கும் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்திதான். மழை பெய்து தானியம் நனைந்தது அந்த வணிகரின் குற்றம் இல்லை. நனைந்ததை அடியில் வைத்ததுதான் குற்றம். யானை வருவது விற்பவரின் குற்றம் இல்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

‘காட்டு விலங்கு வருவதெல்லாம் ஷரீஅத்தில் ஐபு ஆகுமா, ஹஜ்ரத்? சுவரில் விரிசல் இருந்தால் ஐபு என்று சொல்லலாம்’ என்று ஒரு சகோதரர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான பதில் நாம் எதிர்பார்க்காத அளவுக்கு நேரடியாகவே நம் கிதாபுகளில் இருக்கிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ரவ்ழாவில், விற்ற பொருளில் குறை கண்டால் திருப்பும் உரிமையைப் பற்றிய பகுதியில், நிலம், வீடு ஆகியவற்றுக்குரிய குறைகள் பேசப்படுகின்றன. படைவீரர்கள் வந்து தங்கும் வீடு, வரிச்சுமை மிகுந்த நிலம் ஆகியவற்றோடு சேர்த்து, இமாம் முதவல்லீ (ரஹ்) அவர்களின் தத்திம்மாவிலிருந்து இரண்டு உதாரணங்கள் அங்கே எடுத்துக்காட்டப்படுகின்றன. ஒன்று, துணி வெளுப்போர் அடிக்கும் ஓசையால் தொல்லையுற்று, கட்டடமே அதிரும்படி அமைந்த வீடு. மற்றொன்று, அருகில் உள்ள பன்றிகள் பயிரை அழிக்கும் நிலம். முதவல்லீ அவர்கள் ஹிஜ்ரி 478-இல் மறைந்தவர்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் அறிஞர்கள் காட்டுப்பன்றியை நில விற்பனையின் ஐபுகளில் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதே இடத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு. படைவீரர்கள் தங்கும் வீட்டைப் பற்றிப் பேசும்போது, சுற்றியுள்ள வீடுகளுக்கு இல்லாத தொல்லை இந்த வீட்டுக்கு மட்டும் இருந்தால்தான் திருப்பும் உரிமை உண்டு. சுற்றிலும் எல்லா வீடுகளும் அப்படித்தான் என்றால் இல்லை என்று காழீ ஹுஸைன் (ரஹ்) அவர்கள் வரையறுத்ததாக எழுதப்பட்டிருக்கிறது. இந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க நினைப்பவர் இருப்பார். ‘எங்கள் ஊரில் எல்லாத் தோப்பிலும்தான் பன்றி வருகிறது’ என்பார்.

நாம் புரிந்துகொண்டவரை, அந்த நிபந்தனை வழக்கு காழியிடம் போனபின் பொருளைத் திருப்ப முடியுமா என்பதற்கானது. வாங்குபவரிடம் வாய் திறந்து சொல்லும் கடமையை அது போக்கிவிடாது. அடுத்த தோப்புக்காரரே வாங்குகிறார் என்றால், அவருக்கு நாம் எதைச் சொல்லப் போகிறோம்? அவர் வேலியைத் தாண்டித்தான் அந்தப் பன்றி நம் வேலிக்கே வருகிறது. சென்னையிலிருந்து வந்து, ஓய்வுபெற்ற பணத்தில் இரண்டு ஏக்கர் வாங்கி, மனைவியோடு தங்கப்போகிறவர் நிலை வேறு. ஊர் முழுவதும் அறிந்த செய்தி அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. ஹனஃபீ மத்ஹபில் வணிகர் வழக்கத்தில் விலையைக் குறைக்கும் எதுவும் ஐபுதான். யானை வரும் என்று தெரிந்தால் விலை குறையுமா என்று எந்தத் தரகரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவர் அதை மறைக்கச் சொல்வதே பதில். வல்லாஹு அஃலம்.

நாட்டின் சட்டமும் இதிலிருந்து விலகி நிற்கவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55-ஆம் பிரிவில், விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. பகலில் வந்து பார்ப்பவர் இரவில் வரும் விலங்கை எந்தக் கவனத்தோடு கண்டுபிடிப்பார்?

இன்னொரு கதவும் திறந்திருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். பத்திரத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி, எந்தக் குறைக்கும் விற்பவர் பொறுப்பில்லை என்று சேர்த்துவிட்டால் போதும் என்பது அவர்கள் எண்ணம். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, அத்தகைய நிபந்தனை கால்நடைகளில் விற்பவருக்கே தெரியாத உட்குறையிலிருந்து மட்டும்தான் அவரை விடுவிக்கும். வீட்டுக்கும் நிலத்துக்கும் அது உதவாது. ஹனஃபீ மத்ஹபில் இந்த நிபந்தனைக்கு இடம் விசாலம். ஆனால் தெரிந்தே மறைத்த பாவத்தை எந்த மத்ஹபின் நிபந்தனையும் கழுவுவதாக நாம் படித்ததில்லை. வாங்குபவர் முஸ்லிமா, பிற சமயத்தவரா என்பதாலும் இதில் வேறுபாடு இல்லை. ‘அவர் நம்மவர் இல்லையே’ என்று ஒரு பள்ளிவாசல் திண்ணையில் கேட்க நேர்ந்தது. அதற்கு இவ்வளவு பதில் போதும்.

எதற்காக வாங்குகிறார் என்று கேட்பது விற்பவரின் கடமையில் ஒரு பகுதி என்று நமக்குத் தோன்றுகிறது. ஸஹாபி வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரழி) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதும் செய்தி இதற்குப் பொருத்தமானது. ஒருவர் தம் பெண் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்றார். அருகில் நின்ற வாஸிலா (ரழி) அவர்கள் சற்றுக் கவனம் தவறியிருந்தார்கள். வாங்கியவர் ஒட்டகத்தோடு கிளம்பிவிட்டார். அவரைப் பின்தொடர்ந்து ஓடிக் கூவி அழைத்து, இறைச்சிக்கு வாங்கினீரா, பயணத்துக்கு வாங்கினீரா என்று கேட்டார்கள். பயணத்துக்குத்தான் என்றார் அவர். அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொன்னார்கள். அவர் திரும்பி வர, விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அந்த விற்பனையாளர் வருந்தியதும் பதிவாகியிருக்கிறது.

இறைச்சிக்கு வாங்கியிருந்தால் குளம்பின் ஓட்டையால் ஒன்றும் கெடாது. அதுபோலவே, மான் வந்து போகும் தோப்பு சிலருக்குக் குறையே இல்லை. விடியற்காலையில் ஜன்னல் வழியே மான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வாங்குபவர் உண்டு. எலுமிச்சை போட்டுப் பிழைக்க நினைப்பவருக்கு அதே மான் ஒவ்வோர் ஆண்டும் நட்டம். சிறு குழந்தைகளோடு குடிவருபவருக்கு மானும் பன்றியும் பொருட்டில்லை. யானையும் கரடியும்தான் பொருட்டு. ஆகவே ‘விலங்குகள் வரும்’ என்று மொத்தமாக ஒரு வரி சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது.

மறைப்பதைப் போலவே, இல்லாததைக் காட்டுவதும் இப்போது பெருகிவருகிறது. ‘மான் துள்ளும் பண்ணை வீடு’ என்று விளம்பரம். வாங்குபவர் வரும் வாரத்தில் வேலியோரம் உப்பும் தவிடும் வைத்து மான்களைப் பழக்கி வரவழைப்பதும் உண்டு. பால் மிகுதியாகக் காட்டுவதற்காக ஆட்டையும் ஒட்டகத்தையும் சில நாள் கறக்காமல் மடி கட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர், கறந்து பார்த்தபின் வைத்துக்கொள்ளலாம். இல்லையெனில் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுக்கலாம் என்று புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. உப்பு வைத்து மானைக் காட்டுவது இன்னொரு வகை மடிகட்டல். அதில் வேறு தீங்கும் உண்டு. மனிதர் கையிலிருந்து தின்று பழகிய மான், தெரு நாய்க்கும் வாகனத்துக்கும் எளிதில் இரையாகும். ‘மான் கறிக்குப் பஞ்சமில்லை’ என்று கண்சிமிட்டிச் சொல்லும் தரகரும் இருக்கிறார். மான் மார்க்கத்தில் ஹலாலான பிராணி என்பது உண்மை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது சிறைக்குரிய குற்றம் என்பதும் உண்மை. இஹ்ராமில் இருப்பவருக்கும், மக்கா மதீனா ஹரம் எல்லைக்குள் எவருக்கும், ஹலாலான வேட்டைப் பிராணி தடுக்கப்பட்டிருப்பதை அறிந்த சமுதாயத்துக்கு, இடத்தையும் காலத்தையும் பொறுத்த தடை புதிதாகத் தோன்றக் கூடாது.

விலங்கு வரும் வழியைச் சொல்லாமல் விடுவதால் பயிர் மட்டுமல்ல, வீடே கைவிட்டுப் போகலாம். நீலகிரியின் சீகூர்ப் பகுதியில் யானைகளின் வழித்தடத்தைத் தமிழ்நாடு அரசு 2010-இல் அறிவித்தது. அதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2011-இலும், உச்சநீதிமன்றம் 2020 அக்டோபரிலும் உறுதி செய்தன. அந்த எல்லைக்குள் பணம் போட்டு நிலம் வாங்கி, விடுதியும் வீடும் கட்டியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை நாளிதழ் படிப்பவர் அறிவார். தென்கோடியிலும் 2022 ஆகஸ்டில் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நம் நிலம் எதற்கு அருகில் இருக்கிறது, மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளின்கீழ் வரும் கிராமமா, வீடு கட்டத் தனி அனுமதி தேவையா என்பவற்றையும் வில்லங்கச் சான்றைப் போலவே கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

இதையெல்லாம் சொல்லும்போது நம் மனத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. அடையாளம் சொல்லவில்லை. தகப்பனார் மறைந்து ஓராண்டு. மனைவி, இரண்டு ஆண் மக்கள், பருவமடையாத ஒரு பெண் குழந்தை. இருப்பது ஊருக்கு மேற்கே இரண்டு ஏக்கர் தோப்பும் அதற்குள் ஓட்டு வீடும். விற்றால்தான் கடன் தீரும். மூத்தவர் ஷார்ஜாவிலிருந்து தொலைபேசியில் நம்மிடம் பேசினார். “ஹஜ்ரத், மானைச் சொன்னால்கூடப் பரவாயில்லை. யானையைச் சொன்னால் யார் வாங்குவார்? நான் விட்டுக்கொடுப்பேன். யத்தீமான தங்கையின் பங்கைக் குறைக்க எனக்கு உரிமை உண்டா?”

இந்தக் கேள்வியை நாம் எளிதாகக் கடந்துவிடவில்லை. பருவமடையாத குழந்தையின் அசையாச் சொத்தை அண்ணனோ தாயோ தாமாகவே விற்க முடியாது, நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பதை முதலில் சொன்னோம்; அது தனி விஷயம். அடுத்ததாகச் சொன்னது இது. யத்தீமின் பங்கு என்பது அந்தத் தோப்பின் உண்மையான விலையில் உள்ள பங்கு. யானை வரும் தோப்புக்கு யானை வராத தோப்பின் விலையை வாங்கினால், கூடுதலாக வந்த தொகை வாங்கியவருடையது. அதை யத்தீமின் பெயரில் எழுதிவைத்தால், ஒன்றும் அறியாத அந்தக் குழந்தையின் கையில் பிறர் பொருளைக் கொடுத்தவர் ஆவோம். யத்தீமின் சொத்தை உண்பவர் நெருப்பை உண்கிறார் என்ற பொருளில் அல்லாஹ் எச்சரிப்பதை ஓதுகிறோம். யத்தீமுக்கு ஹராமை ஊட்டுவதும் அவளுக்குச் செய்யும் அநீதிதான் அல்லவா?

அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தரகரிடம் சொல்லச் சம்மதித்தார். முதலில் வந்தவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டாவதாக வந்தவர் மிகக் குறைத்துக் கேட்டார். இதை எழுதும் நாளில் அந்தத் தோப்பு இன்னும் விற்கப்படவில்லை. உண்மை சொன்னால் உடனே நல்ல விலை கிடைத்துவிடும் என்று எவருக்கும் நாம் வாக்குக் கொடுக்க முடியாது. இருவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவாக்கினால் அவ்விருவரின் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்தால் அது துடைக்கப்படும் என்றும் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அறிவிக்கும் ஹதீஸை நம்புகிறோம். பரக்கத்தை ரூபாய்க் கணக்கில் எழுதிக்காட்ட நமக்குத் தெரியாது.

வேறொருவர் இதே விவாதத்தில் ஒரு புதுமையான வாதத்தை வைத்தார். முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ தின்றால் அது அவருக்கு ஸதகா என்று ஹதீஸ் இருக்கிறதே, வாங்குபவருக்கு நன்மைதானே கிடைக்கப் போகிறது, ஏன் சொல்ல வேண்டும் என்றார். சிரித்துவிட்டோம். ஸதகாவின் நன்மை அவ்வளவு உறுதியாகத் தெரிகிறதென்றால் தோப்பை விற்காமல் அவரே வைத்துக்கொள்ளலாம்.

விற்பதற்கு முன் விலங்குகளை ‘ஒழித்துவிட்டு’ விற்கலாம் என்று கிளம்புபவர்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். மின்கம்பியை வேலியில் நேரடியாக இணைப்பது, சுருக்கு வைப்பது, பழத்துக்குள் நாட்டு வெடியைப் பொதிந்த அவுட்டுக்காயை எறிந்து வைப்பது எல்லாம் நம் பகுதிகளில் கேள்விப்படாதவை இல்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்க என்று சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தப்பி, அந்த உடல்களைச் சுற்றியே நின்றன. அத்தகைய வேலி மனிதரையும் மாட்டையும் பிரித்தறியாது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன விவசாயிகளும் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள். காட்டை ஒட்டிய நிலங்களில் சூரிய மின்வேலி போடுவதற்கே பதிவும் அனுமதியும் வேண்டும் என்று 2023-இல் தமிழ்நாடு அரசு விதி வகுத்திருக்கிறது. பதிவில்லாத வேலியோடு நிலத்தை விற்றால் வழக்கையும் சேர்த்து விற்றவர் ஆவோம்.

‘பன்றிதானே’ என்று அலட்சியமாகச் சொல்பவரிடம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. அதன் இறைச்சி ஹராம் என்பதால் அதை எப்படி வேண்டுமானாலும் வதைத்துக் கொல்லலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கொல்ல நேரும்போதும் அழகிய முறையில் செய்யுமாறு ஏவப்பட்டிருக்கிறோம். தாடை சிதறி, நாள்கணக்கில் தின்ன முடியாமல் அலைந்து சாகும்படி வெடி வைப்பது எந்த வகையில் அழகு? அந்தப் பழத்தைப் பன்றிதான் கடிக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. மானும் மாடும் கடிக்கும். காட்டுப்பன்றியைப் பற்றி 2025 ஜனவரியில் அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது வனத்துறையினர், நிலத்துக்காரர் இல்லை.

பன்றி முற்றத்தில் நடந்த வீட்டில் தொழலாமா, வீடே நஜீஸ் ஆகிவிட்டதா என்று கலங்கி, அதற்காகவே அவசரமாக விற்கத் துணிந்தவர்களும் உண்டு. உலர்ந்த தரையில் உலர்ந்த கால் படுவதால் நஜீஸ் ஆவதில்லை. ஈரம் பட்ட இடத்தைத் தம் மத்ஹபின் முறைப்படி கழுவிக்கொள்ளலாம். ஷாஃபிஈயினர் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து. வீட்டை விற்கும் அளவுக்குப் போக வேண்டியதில்லை.

விலங்குக்கும் நம்மீது உரிமை உண்டு என்று இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் தம் கவாயிதுல் அஹ்காமில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். விற்பவர் செய்யக்கூடிய நல்ல காரியங்களும் இருக்கின்றன; அவற்றுக்கு அதிகச் செலவும் ஆகாது. கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு தோப்பில் இருந்தால் முதலில் அதைக் கட்டிவிடுங்கள். கோடையில் தண்ணீர் தேடி வரும் மான் கிணற்றில் விழுவதும், தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டித் தூக்குவதும் நம் மாவட்டங்களில் அடிக்கடி நடப்பவை. அதே கிணற்றில் வாங்குபவரின் பேரக்குழந்தையும் விழலாம். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி அப்புறப்படுத்த ஓர் ஆளை வையுங்கள். எச்சில் இலையையும் சோற்றையும் வேலியோரம் கொட்டுவதை நிறுத்துங்கள். இவற்றால் விலங்கு வரத்து குறைந்தால், குறைந்திருக்கிறது என்று சொல்லலாம். நின்றுவிட்டது என்று சொல்லக் கூடாது.

ஊராருக்கும் இதில் பங்கு உண்டு. குறையை அறிந்தவர் விற்பவராக இல்லாவிட்டாலும், வாங்குபவரிடம் சொல்வது அவர்மீதும் கடமை என்பது ஷாஃபிஈ அறிஞர்களின் தெளிவான கூற்று. வாஸிலா (ரழி) அவர்கள் ஓடியது அதனால்தான். நம் ஊர்களில் நடப்பது நேர்மாறானது. வாங்க வந்தவர் டீக்கடையில் விசாரித்தால், ‘அடுத்தவர் வியாபாரத்தை நாம் ஏன் கெடுக்க வேண்டும்’ என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். இது நாகரிகம் என்று கருதப்படுகிறது. ஜமாஅத் நிர்வாகிகள் வாரிசுப் பிரிவினைக்கு உட்காரும்போதே, தோப்பு என்றால் இந்தக் கேள்வியையும் கேட்டுக் குறிப்பேட்டில் பதிந்துவிடலாம் என்பது நம் யோசனை. கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் பயிர்ச் சேத நிவாரணத்துக்குக் கொடுத்த மனுக்களின் நகல் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. யானை அழித்த தென்னைக்கு நிவாரணம் கேட்டுக் கையெழுத்திட்ட அதே கை, ‘இங்கே எதுவும் வராது’ என்று சொல்லிக் கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது எப்படிப் பொருந்தும்?

அந்த நகல்களை எடுத்து வாங்குபவரிடம் கொடுங்கள். பெரும்பாலும் அவற்றில் ஆண்டு, மாதம், சேதமான மரங்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். வாயால் விளக்குவதைவிடத் தெளிவு. முடிந்தால் ஓரிரவு தோப்பில் தங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், மாம்பழக் காலமாக இருந்தால் இன்னும் நல்லது. பத்திர எழுத்தரிடம், கிரய ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம்: ‘மேற்படி சொத்தில் காட்டுப்பன்றி, மான், யானை ஆகியவற்றின் நடமாட்டம் உண்டென்பதும், அவற்றால் முன்பு ஏற்பட்ட சேதங்களின் விவரமும் வாங்குபவருக்கு முன்பணம் பெறுவதற்கு முன்பே தெரிவிக்கப்பட்டன.’ எழுத்தர் வியப்போடு நிமிர்ந்து பார்ப்பார். எழுதச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.